வாத்துக்குப் பிடித்த பக்கம்

அத்தியாயம் பதினொன்று

நீலச்சட்டைப் பந்தய அணியின் தலைமைப் பொறியாளர் போனை வைத்த இடத்தில் போன வாரம் நாமும் நிறுத்தினோம். அந்த அம்மா கடைசியாகக் கேட்டது இதுதான். "உங்க வண்டியை எப்படிச் சரி பண்ணினீங்க? நேர்ல வந்து பார்க்கலாமா?"

அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூத்த பெண் பெரியவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளில் வீட்டார் கூப்பிட்ட பெயர் அது. இப்போது கடைத்தெருவுக்கே அவர் மாப்பிள்ளைதான். அடுத்தவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே ஆயுசில் பாதியைக் கழித்தவர். வேலையை ஒழுங்காக முடித்தால் "சாவி எங்கே?" என்பார்கள். கெடுத்துவிட்டால் "எப்படிய்யா இப்படிச் செஞ்சே?" என்பார்கள். நன்றாக வந்த ஒரு வேலையைப் பார்த்து "எப்படி?" என்று ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும், அடுத்த சீசனுக்கு எங்களிடம் வேலைக்கு வருகிறீர்களா என்ற பேச்சோடு.

வாத்தைப் பற்றிப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. அது பந்தயக் கார். மூக்கு அகலம், அதனால் அந்தப் பெயர். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் பெரியவள் வெல்டிங் வைத்தது. எஞ்சினும் மற்றதும் மாப்பிள்ளை பூட்டியது. ஓட்டுகிறவன் பெரியவளின் தம்பி, நம் சின்னவன், வாரநாளில் சரக்கு வேன் ஓட்டுகிறவன். வீட்டில் பற்றவைத்த சட்டத்துக்கு அடுத்த சீசனிலிருந்து பந்தயத்தில் இடமில்லை என்று விதி வந்துவிட்டது. ஆக, வாத்துக்கு வாழ்க்கையே இந்த ஒரு சீசன்தான்.

முதல் இரண்டு பந்தயத்தில் அது எல்லாருக்கும் பின்னால் வந்தது. பழைய பட்டறையைக் காலி செய்து இந்த இடத்துக்கு வந்த பிறகு என்ன மாயமோ, ஒவ்வொரு பந்தயத்திலும் முன்னே முன்னே ஏறியது. போன தடவை நீலச்சட்டைக்காரர்களின் வண்டிகளையே தாண்டி இரண்டாவது. பாக்கி இருப்பது வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

வேகம் எங்கிருந்து வந்தது? வீட்டில் மூன்று பேர், பதிலும் மூன்று. தன் ஸ்பிரிங் வேலைதான் என்றார் மாப்பிள்ளை. ஸ்பிரிங்கில் காதை வைத்தால் அது பேசும் என்று விளையாட்டுப் பத்திரிகைக்காரரிடம் சொல்லி, அது படத்தோடு அச்சிலும் வந்துவிட்டது. தன் கைதான் என்றான் சின்னவன். பெரியவள் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுக்குப் பின்னால் தான் கூடுதலாக வைத்த ஒரு குழாய்தான் காரணம் என்று மனசுக்குள் வைத்திருந்தாள்.

இன்று மத்தியானம் அந்த அம்மா வருகிறார்.

மாப்பிள்ளை காலையிலேயே முடிவெட்டக் கிளம்பிவிட்டார். போகிற போக்கில், "பட்டறையைக் கொஞ்சம் மனுஷங்க இருக்கிற இடம் மாதிரி ஆக்கி வையேன்" என்றார்.

"இத்தனை நாளா இங்க யாரு இருந்தோமாம்?" என்றாள் பெரியவள். அவர் அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார்.

பட்டறைத் தரையில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. எண்ணெய் சிந்தினால் மரத்தூளைத் தூவி, ஊறவிட்டு, கூட்டி அள்ளுவார்கள். இரும்பும் வெல்டிங் மிஷினும் இருக்கிற இடத்தில் ஈரம் கூடாது என்பது பெரியவளே போட்ட கட்டளை. ஆனால் இன்று தரையைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. மிஷின் வயரைப் பிடுங்கி உயரத்தில் மாட்டினாள். இடுப்பைக் கொடுத்து வாத்தை வாசல் பக்கம் தள்ளினாள். சோப்புத்தூளைக் கரைத்து, ஆனது ஆகட்டும் என்று முழு வாளியையும் கவிழ்த்தாள்.

தண்ணீர் வாசலுக்குப் போகவில்லை.

கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் நின்றது. அப்புறம் திரும்பி, வழி தெரிந்த ஆள் மாதிரி பின்சுவர்ப் பக்கம் நடந்தது. அங்கே ஓரிடத்தில் போய்க் கூடியது. பெரியவள் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளினாள். தள்ளிய தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் அங்கேயே போனது.

"உனக்கு அங்க என்ன வேலை?" என்று தண்ணீரையே கேட்டாள்.

பிறகுதான் அது எந்த இடம் என்று பார்த்தாள்.

தரையில் நாலு மஞ்சள் கட்டங்கள் உண்டு. குடிவந்த வாரம் அவளே பெயின்ட் அடித்தவை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் வாத்தின் நாலு சக்கரமும் அந்த நாலு கட்டத்தில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் அடியில் எடை காட்டும் தட்டு ஒன்று. இடதும் வலதும் சமமாக எடை காட்டும்வரை மாப்பிள்ளை ஸ்பிரிங் மேலிருக்கும் வளையத்தைத் திருகுவார். சமமானதும், "வாத்து ரெடி" என்பார். அதுவரை யாரும் வண்டியைத் தொடக்கூடாது. தும்மக்கூடாது.

சோப்புத் தண்ணீர் நின்றது பின்பக்க இடது சக்கரத்தின் கட்டத்தில்.

குனிந்து நகத்தால் சுரண்டினாள். சாம்பல் பெயின்ட் உரிந்தது. உள்ளே வட்டமாக வேறொரு சிமென்ட் தெரிந்தது. இந்த இடம் முன்பு வண்டி கழுவும் இடமாக இருந்தது என்று வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. தண்ணீர் வடிய விட்ட துவாரத்தை அடைத்திருக்கிறார்கள். தரையின் சரிவை யார் அடைப்பது?

பெரியவள் கவிழ்ந்த வாளிமேல் உட்கார்ந்தாள். வேகத்துக்குச் சொன்ன காரணங்களில் முதலில் போனது அவளுடைய குழாய். அவ்வளவு ஆசையாக வைத்த குழாய்! சரி, போகட்டும் என்று நினைத்தபோதுதான், முடிவெட்டப் போன மனிதரின் முகம் வந்து நின்றது.

---

சின்னவன் தலையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தான். வருகிறவருக்கு உட்கார என்று பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது.

"என்னக்கா, குளம் வெட்டிட்டியா?"

"இறக்கி வை. இங்க நின்னு, தண்ணி எங்க போகுதுன்னு பார்த்துச் சொல்லு."

இன்னொரு குவளை ஊற்றினாள். அவன் பார்த்தான்.

"மூலைக்குப் போகுது. அதுக்கென்ன?"

"அது எந்தக் கட்டம்?"

"பின்னால இடது." சொன்னவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. "அதுக்கென்னக்கா?"

"பள்ளத்துல நிக்கிற சக்கரம் தட்டை சரியா அழுத்தாது. எடை குறைச்சலா காட்டும். உங்க மாமா என்ன பண்ணுவாரு?"

"சமமாகுற வரைக்கும் வளையத்தைத் திருகுவாரு."

"இங்க சமம். மட்டமான ரோட்டுக்குப் போனா?"

சின்னவன் கையை வண்டி மாதிரி விரித்துவைத்து, ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தான். "அந்த மூலை தூக்கும்."

"தூக்கி, எதிர்மூலையைப் போய் அழுத்தும். பின்னால இடதும் முன்னால வலதும் பாரம். மத்த ரெண்டும் லேசு. வண்டி கோணிக்கிட்டுப் போகுதுடா. நாமதான் ஒவ்வொரு தடவையும் மெனக்கெட்டுக் கோண வச்சு அனுப்பியிருக்கோம்."

சின்னவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். "நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். வலது பக்கம்னா வெண்ணெயா திரும்புது, இடது பக்கம்னா மண்டி போட்டு உக்காந்துக்குதுன்னு. மாமா என்ன சொன்னாரு? உன் இடது கை சோம்பேறி மச்சான்னாரு. நான் அந்தக் கைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன்கா."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"இங்க வந்தப்புறம் ஓடினது எல்லாமே வலது சுத்து, வளைவு பூரா வலது பக்கம்" என்றான். "அப்போ… நான் நல்லா ஓட்டலையா?"

"ஓட்டினே. தரையும் கூட ஓட்டுச்சு."

"ஞாயித்துக்கிழமை இடது சுத்துக்கா."

பெரியவள் குவளையைக் கீழே வைத்தாள்.

"மாமாகிட்ட சொல்லாதே" என்றான் சின்னவன். "இன்னிக்கு மட்டும். அந்தம்மா வரட்டும், பார்க்கட்டும், போகட்டும். வேலை உறுதியானப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

"அவங்க எப்படின்னு கேட்கத்தானே வர்றாங்க? என்ன சொல்வாரு?"

"ஸ்பிரிங் பேசும்னு சொல்வாரு. பத்திரிகையிலயே போட்டாச்சே."

"அவங்க பத்திரிகைக்காரங்க இல்லடா. கிட்ட வந்து கேட்பாங்க. இவரு முழிப்பாரு. ஒண்ணும் தெரியாத ஆளுன்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க. அது தேவலையா?"

"தெரிஞ்சா மட்டும்? எல்லாம் தரை செஞ்சதுன்னு தெரிஞ்சா, வேலையைத் தரைக்குக் கொடுத்துட்டுப் போவாங்க."

பெரியவள் துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாத்தினாள்.

"முதல்ல இது நிஜமான்னு பார்ப்போம்" என்றான். "வண்டியைத் திருப்பி நிறுத்துவோம். தலைமாடு கால்மாடா. பள்ளத்துல வேற சக்கரம் வரட்டும். எடை மாறினா உன் கட்சி ஜெயிச்சுது. மாறலைன்னா தரை நிரபராதி."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இருவரும் வாத்தைத் தெருவுக்குத் தள்ளி, திருப்பி, மூக்கு முன்னால் போக உள்ளே கொண்டுவந்து கட்டத்தில் நிறுத்தினார்கள். இப்போது பள்ளத்தில் நின்றது முன்பக்க வலது சக்கரம். தட்டுகளைச் செருகினார்கள். சின்னவன் தன் எடைக்குச் சமமாக மணல் மூட்டையைச் சீட்டில் வைத்தான்.

எடை மாறவில்லை. இடதும் வலதும் அச்சாகச் சமம்.

"நிரபராதி!" என்று துள்ளினான் சின்னவன். "நான்தான்கா ஓட்டினேன்! என் கைதான்!" இடது கையை எடுத்து முத்தம் கொடுத்தான்.

பெரியவளுக்கும் பாரம் இறங்கியதுபோல்தான் இருந்தது. ஆனால் எங்கோ இடித்தது. தண்ணீர் பொய் சொல்லாதே? வெல்டிங் வைக்கும்போது உட்காருகிற ஸ்டூலை இழுத்துப்போட்டு, யோசிக்க உட்கார்ந்தாள். அது நின்றது சக்கரத்துக்குப் பக்கத்தில், பள்ளத்தின் ஓரத்தில். ஆடியது.

எழுந்தாள். ஸ்டூலின் எந்தக் கால்கள் ஆடுகின்றன என்று பார்த்தாள். ஒரு கால் பள்ளத்தில். அதுவும் அதன் எதிர்மூலைக் காலும் மாறி மாறி எழும்பின. இரண்டுக்கும் சாக்பீஸால் கோடு போட்டாள். ஸ்டூலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பினாள். இப்போது எதிர்க்கால் பள்ளத்தில். ஆடியது அதே இரண்டு கால்கள்தான், கோடு போட்ட கால்கள்.

"இங்க வா" என்றாள்.

"அக்கா, தரையை விடுதலை பண்ணியாச்சு."

"வாடான்னா."

அவன் வந்து பார்த்தான். அவள் ஸ்டூலைக் கால்வாசி மட்டும் திருப்பினாள். கோடு போட்ட கால்கள் அடங்கிப்போயின. கோடு போடாத இரண்டும் ஆடத் தொடங்கின.

"எதிர்மூலைங்க ரெண்டும் ஜோடிடா. ஒண்ணு பள்ளத்துல இறங்கினாலும் மத்தது இறங்கினாலும் கணக்கு ஒண்ணுதான். நாம அதே ஜோடியைத்தான் திருப்பி வச்சிருக்கோம். பக்கத்து ஜோடியை வைக்கணும்."

வீட்டில் ஆடுகிற ஸ்டூல் இருந்தால் நீங்களும் திருப்பிப் பாருங்கள்.

சின்னவன் வாத்தின் மூக்கில் கைவைத்துத் தள்ளினான். முன்னே தள்ளி, ஸ்டியரிங்கை ஒடித்து, பின்னே இழுத்து, மறுபடி முன்னே தள்ளி, பின்பக்க இடது சக்கரம் எப்போதும் நின்ற பள்ளத்தில் பின்பக்க வலது சக்கரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். தட்டுகள் காட்டிய எடை இந்தத் தடவை ஒன்றோடொன்று சேரவே இல்லை. ஒரு ஜோடி எங்கேயோ ஏறி நின்றது, இன்னொன்று எங்கேயோ கிடந்தது.

சின்னவன் தன் இடது கையைப் பார்த்தான். "சும்மா முத்தம் கொடுத்துட்டேன்" என்றான்.

---

"யாரு வண்டியைக் கட்டத்தை விட்டு நகர்த்தினது?"

வாசலில் மாப்பிள்ளை. காதோரம் புதிதாக வெளுத்திருந்தது. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"முடி ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றான் சின்னவன்.

"பேச்சை மாத்தாதே மச்சான். அந்தம்மா வர்ற நேரத்துல வண்டியை இழுத்துக் கோணலா நிறுத்தி வச்சிருக்கீங்களே, ரெண்டு பேருக்கும் புத்தி இருக்கா?"

சின்னவன் அக்காவைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். பெரியவள் அதைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"கோணல் அங்க இல்லைங்க. இங்க" என்று சொல்லி, குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள்.

அவர் பார்த்தார். இரண்டாவது குவளையையும் பார்த்தார். அவள் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எல்லாம் முடிந்ததும் அந்த வெள்ளைச் சட்டையோடு ஈரத்தில் படுத்தார். கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, தரையின் நீளத்துக்குப் பார்த்தார்.

"ஐயோ, சட்டை!" என்றாள் பெரியவள்.

"கிடக்கட்டும்."

ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார். எழுந்தபோது ஒரு பக்கக் கன்னம் முழுக்க சோப்பு நுரை.

"பின்னால இடது வளையம் மட்டும் ஏன் அவ்வளவு மேல ஏறுதுன்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார் மெதுவாக. "மச்சான் சீட்டு அந்தப் பக்கம்தானே, திங்கிற தீனிக்கு ஏறத்தான் செய்யும்னு விட்டுட்டேன்."

"நான் எவ்வளவு திங்கிறேன்னு…" என்று ஆரம்பித்த சின்னவன், பெரியவளின் பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"அப்போ நான் என்னதான் பண்ணினேன்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

கன்னத்து நுரையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"தட்டுல சமம் வர்ற வரைக்கும் திருகினேன். அவ்வளவுதானே? அதை யாரு வேணும்னாலும் பண்ணுவாங்க."

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காதீங்க. ஸ்பிரிங்கைப் பத்தி நாலு வார்த்தை சொல்லி அனுப்பிடுங்க. வேலை போயிடும் மாமா."

மாப்பிள்ளை அவனைக் கவனிக்கவில்லை. வாத்தைச் சுற்றி வந்து, பள்ளத்தில் நின்ற பின்பக்க வலது சக்கரத்தின் முன்னால் குந்தினார். பெரியவள் அந்த முகத்தை எதிர்பார்க்கவில்லை. உடைந்துபோய் உட்காருவார் என்று நினைத்திருந்தாள். அவரோ வெந்நீரில் விரல் வைத்துப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார்.

"வலதை இங்க வச்சு, இப்படியே சமம் பண்ணினா?"

"இடது பக்கம் வெண்ணெய்" என்றான் சின்னவன். சொல்லிவிட்டு அவனே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மட்டமான தரையில எல்லாரும் சமமா வைப்பாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் சமம்தான். நமக்கு மட்டும் இடது." மாப்பிள்ளை ஸ்பேனருக்குக் கை நீட்டினார். பெரியவள் எடுத்துக் கொடுத்தாள்.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

---

நீலச்சட்டை அம்மா தனியாகத்தான் வந்திருந்தார். கையில் சின்ன டார்ச். கொண்டுவந்து போட்ட நாற்காலியைத் தொடவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, ஈரத் தரையில் முழங்காலை ஊன்றி, நேராக வண்டிக்கு அடியில் பார்த்தார். அந்த ஒன்றுக்கே பெரியவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. அதனாலேயே பயமும் வந்தது.

"வெல்டிங் யாரு?"

"நான்தாங்க."

"சுத்தமா இருக்கு." டார்ச் நகர்ந்தது. நின்றது. "இந்த இடது வளையம் ஏன் இவ்வளவு மேல நிக்குது?"

சின்னவன் முந்திக்கொண்டான். "என் சீட்டு அந்தப் பக்கம்மா. நான் கொஞ்சம் தீனிக்காரன்."

அந்த அம்மா அவன் இடுப்பைப் பார்த்தார். பெல்ட்டைக் கடைசித் துளைவரை இறுக்கியிருந்தான். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பத்திரிகையில படிச்சேன். ஸ்பிரிங் பேசும்னு சொல்லியிருந்தீங்க. என்ன பேசும்?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். இந்தக் கேள்விக்காகத்தான் அந்த மனிதர் ஆயுசெல்லாம் காத்திருந்தார். நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தையும் அவரிடம் இருந்தன, அச்சிலேயே வந்திருந்தன.

"ஒண்ணும் பேசாதும்மா" என்றார். "அது சும்மா சொன்னது. இதை நான் செய்யலை. தரை செஞ்சுது."

சின்னவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாப்பிள்ளை வாளியைக் கவிழ்த்தார். தண்ணீர் எங்கே போகிறது என்று காட்டினார். ஸ்டூலைத் திருப்பிக் காட்டினார். ஜோடிக் கால்களைக் காட்டினார். சொல்லச் சொல்ல அவருக்கே வேகம் பிடித்துவிட்டது. கண்டுபிடித்தது மனைவி என்றார், ஏமாந்தது மூன்று பேரும் என்றார், கட்டத்துக்குப் பெயின்ட் அடித்த அழகைப் பாருங்கள் என்று மனைவியை ஒரு இடி இடித்தார். நீலச்சட்டை அம்மா தண்ணீர் போன வழியில் டார்ச்சை அடித்துப் பார்த்தார். ஸ்டூலைத் தானும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"எங்க தரை கண்ணாடி மாதிரி இழைச்சது" என்றார் கடைசியில். "வர்றவங்களுக்கெல்லாம் முதல்ல அதைத்தான் காட்டுவோம். அந்தத் தரையில நின்னா இது எங்களுக்குத் தோணவே தோணாது." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "உங்க வேலை விஷயம்… ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் பேசலாம். நன்றி. நிஜமாவே நன்றி."

போய்விட்டார்.

"நல்ல மனுஷி" என்றார் மாப்பிள்ளை.

"மாமா!" சின்னவன் ஸ்டூலை எட்டி உதைத்தான். "நல்ல மனுஷிதான், யாரு இல்லேன்னா? ஞாயித்துக்கிழமை நமக்கு எதிரா ஓடுற வண்டிங்க யாரோடது? அவங்களுக்கு நீங்க படம் வரைஞ்சு பாடம் எடுத்து அனுப்பியிருக்கீங்க! வாத்துக்கு இருக்கிறது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை மாமா!"

மாப்பிள்ளை முகத்தில் அது இப்போதுதான் இறங்கியது. உட்கார இடம் தேடினார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, தெரியவில்லை.

"அவங்க கேட்டாங்க மச்சான்" என்றார். "எப்படின்னு கேட்டாங்க. சொல்லாம எப்படி இருக்கிறது?"

சின்னவனுக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை.

"கார் இன்னும் போகலை" என்றாள் வாசலில் நின்ற பெரியவள்.

தெருவோரம் அந்தக் கார் நின்றது. கண்ணாடி இறங்கியிருந்தது. நீலச்சட்டை அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். "…ஆமா, எல்லா வண்டியையும் இறக்கித் தட்டுல ஏத்துங்க. பின்னால வலது. நான் வந்து எவ்வளவுன்னு சொல்றேன்." அப்புறம் பேச்சு நின்றது. எவ்வளவு என்ற இடத்தில்தான் நின்றது. கதவு திறந்தது. அவர் திரும்பி நடந்து வந்தார்.

வாசலிலேயே நின்றார். கொஞ்சம் வெட்கப்பட்ட முகம்தான், ஆனாலும் கேட்டார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு. பள்ளம் எவ்வளவு? உங்களுக்கு அளவு வேண்டாம், இங்க நிறுத்தினா போதும். எனக்கு மட்டமான தரையில அதே அளவு திருகணும்."

சின்னவன் நகர்ந்துபோய்ப் பள்ளத்தை மறைத்து நின்றுகொண்டான். பெரியவள் கணவரைப் பார்த்தாள். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. சொல்லாவிட்டால் வேலை போச்சு. கேட்டு நிற்கிற முகமோ, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை மதித்துக் கேட்ட முகம்.

மாப்பிள்ளை ஈரச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எப்படின்னு கேட்டீங்க, சொன்னேன்மா" என்றார். "எவ்வளவுங்கிறதை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சொல்றேன்."

நீலச்சட்டை அம்மா அவரை உற்றுப் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாதபடி உதடு ஒரு பக்கம் போனது.

"சாயங்காலம் எனக்கு அது தேவைப்படுமான்னு தெரியலை" என்றார்.

"தெரியும்மா."

கார் இந்தத் தடவை நிஜமாகவே போனது. பிறகு சின்னவன் பள்ளத்தைவிட்டு விலகி வந்து, மாமாவின் புது முடியைக் கலைத்துவிட்டான். அவர் தடுக்கவில்லை.

"என்னங்க" என்றாள் பெரியவள். "நிஜமாவே எவ்வளவு?"

"எனக்கென்ன தெரியும்? யாரு அளந்தா?"

"நமக்குத்தான் அளவு வேண்டாமே மாமா. பள்ளத்துல நிறுத்தி வளையத்தைத் திருகினா ஆச்சு."

"உனக்கு வேண்டாம் மச்சான். எனக்கு வேணும்." மாப்பிள்ளை மறுபடி தரையில் குந்தி, அடைத்த துவாரத்தின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தார். "நல்ல நீளமா ஒரு டியூப் எடு. தண்ணி நிரப்பு, மட்டம் பார்க்க. நாலு கட்டத்தையும் அளந்துடுவோம்."